எழுபத்திரண்டு டெசிபல்

அலுவலகத்தில் அவளுக்கு 'உஷ்' என்று பட்டப்பெயர். விண்வெளி நிலையத்தில் எந்த விசிறி இரைகிறது, எந்தப் பம்பு உறுமுகிறது என்று தரையிலிருந்தபடியே கண்காணித்து அடக்கி வைப்பது அவள் வேலை. நான்கு மாதமாக அவள் கணவன் இருப்பதும் அந்த நிலையத்தில்தான்.

அன்று காலை விண்வெளிக் குழுவின் டாக்டரம்மா அவள் மேஜைக்கே வந்துவிட்டார்.

"உன் வீட்டுக்காரரோட இடது காது பதினஞ்சு டெசிபல் மந்தமாயிருக்கு. வெள்ளிக்கிழமை மறுபடி டெஸ்ட். அப்பவும் இப்படியே இருந்தா அடுத்த கலத்துலயே கீழ இறக்கிடுவேன். நிஜமாவே கெட்டுப்போன காது திரும்பி வராதும்மா."

டாக்டரம்மா நகர்ந்ததும் அவன் உறங்கும் அறையின் இரைச்சல் அளவுகளைப் புரட்டினாள். நாற்பத்தெட்டு. குறையே சொல்ல முடியாது. ஆனால் முந்தைய நாள் முழுக்க அவன் காலரில் மாட்டியிருந்த ஒலிமானி வேறு கதை சொன்னது. தூங்கிய எட்டு மணி நேரமும் எழுபத்திரண்டு! பகலெல்லாம் இரைச்சலில் களைத்த காது இளைப்பாறுவதே தூக்கத்தில்தான்.

வரைபடத்தை உற்றுப் பார்த்தாள். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மேடு. காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் பம்பு அப்படித்தான் மூச்சு வாங்கும். அது இருப்பதோ அவன் அறையிலிருந்து மறுகோடியில்.

மதியம் குடும்பத்தோடு பேசும் நேரம் வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ராத்திரி எங்க படுக்கறீங்க?"

"கல்யாணமாகி பதினோரு வருஷத்துல இன்னைக்குத்தான் இதைக் கேக்கற."

"மழுப்பாதீங்க. பம்பு பக்கத்துல உங்களுக்கு என்ன வேலை?"

அவன் தொண்டையைச் செருமினான். "புதுசா வந்திருக்கே, செடி ஆராய்ச்சி பண்ற பொண்ணு. அது அறை விசிறி கடகடங்குது. மூணு நாளா தூக்கமில்லாம கண்ணு ரெண்டும் தக்காளி மாதிரி ஆயிடுச்சு. என் அறையைக் குடுத்துட்டு, தூக்கப் பையைப் பம்பு பக்கத்துல கட்டிக்கிட்டேன். எனக்கென்ன, எங்க படுத்தாலும் குறட்டைதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விசிறியை எப்படிக் கழட்டி மாட்டணும்னு எட்டுப் பக்கம் எழுதி அனுப்புவ. அரை நாள் வேலை கெட்டுடும்."

"இப்ப காதே கெடப்போகுது! பெரிய வள்ளல்!"

அன்றே ஒன்பது பக்கம் மேலே போனது. விசிறியின் தளர்ந்த திருகுகளை இறுக்கி, அடியில் ரப்பர் வளையம் வைத்தார்கள். அந்தப் பெண் தன் அறைக்குத் திரும்பினாள், அவன் தன் அறைக்கு.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவின் திரை முன்னால் அவள் நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மேலே அவன் காதில் ஒலி கேட்டுப் பொத்தானை அழுத்த அழுத்த, கீழே ஒவ்வொரு புள்ளியாக விழுந்தது. முதல் மூன்றும் சரி. நான்காவதில்தான் போனமுறை சறுக்கியிருந்தான். புள்ளி வரவில்லை. இன்னும் வரவில்லை. வந்தது. சறுக்குவதற்கு முன்பிருந்த நல்ல இடத்திலேயே.

"தப்பிச்சார்," என்றார் டாக்டரம்மா. "காது களைச்சுப் போயிருந்ததே தவிர, கெட்டுப் போகல. அங்கேயே இருக்கட்டும்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"என்னாச்சு? யாராவது பேசுங்களேன்!" என்று மேலிருந்து குரல்.

"பாஸ் பண்ணிட்டீங்க. உங்க வீட்டம்மாவுக்குப் பேச்சே வரல."

"அப்ப திட்டச் சொல்லுங்க டாக்டர், வந்துடும்."

இணைப்பில் ஆறு நிமிடம் மிச்சமிருந்தது. ஆறு நிமிடமும் அவள் திட்டினாள். ஒரு வார்த்தை விடாமல் அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.