பதினேழாம் பெட்டியைத் திறக்காமல் எழுதிய பட்டியல்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னது நான்தான், லோரிண்டா டெஷீனி, நூலகர். அமெரிக்கப் பழங்குடிகளான எங்கள் டினே மக்களை, வெளியார் நவஹோ என்று அழைக்கும் எங்களை, ஆராய வருகிறவர்களுக்கு எங்கள் கல்லூரி நூலகத்தில் எது எங்கே இருக்கிறது என்று பதினொரு பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டேன். நூல்கள், ஒலிநாடாக்கள், வரைபடங்கள், தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று திருப்பி அனுப்பிய இருபத்திரண்டு பெட்டிகள். இருபத்தொன்றைத் திறந்து பார்த்து எழுதினேன். பதினேழாவதை மட்டும் திறக்கவில்லை. வெளியே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, 'ஆடுகள், புகைப்படங்கள், 1934' என்று எழுதிவிட்டேன்.

ஏன் திறக்கவில்லை? மூடியைத் தொட்டபோது மண்வாடை வந்தது.*

* நூலகர் சொல்லும் காரணமா இது என்று கேட்பீர்கள். பல்கலைக்கழகத்தில், கல்லறைகளிலிருந்து தோண்டியெடுத்த பொருள்களோடு ஒரே அறையில் பல வருடம் கிடந்த பெட்டிகள் இவை. இறந்தவர்களைச் சேர்ந்த எதையும் நாங்கள் தொடுவதில்லை, பார்ப்பதில்லை. பயந்தேன். அவ்வளவுதான்.

2

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"ஜூன் மாத வெயிலில்" [வெயிலைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கிறேன்.]

"ஆர்வினா பிட்ஸிலிக்கு அப்போது எட்டாம் மாதம்." [உண்மை. ஆனால் என் குற்றம் அவள் வயிற்றுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது.]

"அவளுக்குப் பிறக்கப்போகும் குழந்தை" [இதை முடிக்க மாட்டேன்.]

நேராகவே சொல்கிறேன். ஆர்வினாவும் நானும் அம்மா வழியில் ஒரே குலம், அதனால் எனக்குத் தங்கை. மேய்ச்சல் நிலம் கெடுகிறது என்று சொல்லி 1930களில் அரசாங்கம் எங்கள் ஆடுகளைக் கொன்று குவித்த வருடங்களைப் பற்றி ஆய்வு செய்கிறாள். என் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, பதினேழு குடு. எங்க வீட்டு ஆடு இருந்தா மூஞ்சிய வச்சே கண்டுபிடிச்சிருவேன்."

"கண்டுபிடிக்க என்ன இருக்கு? வாய மூடாம கத்திக்கிட்டு நிக்கிறது எதுவோ அது உங்க வீட்டு ஆடு."

"உக்காந்த எடத்துலயே தின்னுக்கிட்டிருந்தா அது உங்க வீட்டு ஆடு."

சிரித்தோம். பெட்டியை நானே தூக்கிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அதை மேஜையிலேயே விட்டுவிட்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள். பசித்திருக்கும் என்று நினைத்தேன்.

3

ஆறு வாரம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. பதினேழாம் பெட்டியின் சீட்டு மாறிவிட்டதாம். உள்ளே இருப்பவை கல்லறைகளைத் தோண்டும்போது எடுத்த படங்களாம். வருந்துகிறார்களாம்.

வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் அப்படிப்பட்டதைப் பார்த்தால் அது பிள்ளையைத் தொடும் என்பது எங்களில் எல்லோருக்கும் தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அன்று நல்ல வெளிச்சத்திலேயே பேய் தெரிந்தது.

சடங்குப் பாட்டுகளைப் பாடிக் குணப்படுத்துகிற டெல்பர்ட் அட்டகாயிடம் ஓடினேன். வண்டியில் வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன பாத்தா அவ?"

"தெரியாது மாமா."

"எங்க வலிக்குதுன்னு கேக்காம மருந்து குடுக்க முடியுமா? கேட்டுட்டு வா. நூலகத்துல ஒரு துண்டுச் சீட்டுக்கே நாலு எடத்துல கையெழுத்து வாங்குவீங்களே, இத கேக்க மாட்டீங்களா?"

4

காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில் ஆர்வினாவைப் பிடித்தேன். கணவனின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குப் பதினேழுல என்ன பாத்த?"

"ஆடுதான்."

"கடுதாசி ஒண்ணு வந்திருக்கு, அதுல..."

"அத எங்கிட்டப் படிக்காத." சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆடுக்கா. வெறும் ஆடு. நீ தெறந்து பாத்துதான எழுதுன?"

இந்த இடத்தில் ஒரு கதாபாத்திரம் எப்படியெல்லாம் சமாளிக்கும் என்று எனக்குத் தெரியும். எழுதியும் பார்த்தேன், அடித்துவிட்டேன். நடந்தது இதுதான்.

"இல்ல. நான் தெறக்கல. பயந்துட்டேன்."

ஆர்வினா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ பயந்துட்டு, என்னைய அனுப்பினியா?"

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். கடிதம் தவறாக இருக்கலாம். அல்லது, கெட்டதை வாயால் சொன்னால் அது வந்து சேரும் என்று எல்லோரையும் போல அவளும் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். எது என்று சொல்ல அவள் இனி வரமாட்டாள். பிரசவத்துக்குக் குறித்த நாளுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

5

முடிவுகள்.

(அ) கடிதம்தான் தவறு. பெட்டி நிறைய ஆடுகள். எல்லோரும் கூடி ஆட்டுக்கறி வாட்டித் தின்கிறோம், ஆர்வினா என்னைத் திட்டிக்கொண்டே இரண்டாம் முறை வாங்கிக்கொள்கிறாள். [ஆசைக்கு எழுதினேன். நான் நம்பவில்லை.]

(ஆ) கடிதம் சொன்னதுதான் உள்ளே இருக்கிறது. டெல்பர்ட் மாமா பாடுகிறார். ஆனால் நாங்கள் தாமதித்ததால்

(இ) யாரும் திறக்கவில்லை, யாரும் பாடவில்லை. பத்தாம் நாள் ஆர்வினா

இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன். வாயால் சொல்வது மட்டுமல்ல, எழுதுவதும் நினைப்பதும் எங்களுக்கு ஒன்றுதான். உங்கள் மனதில் இதற்குள் அந்த வாக்கியங்கள் முடிந்திருக்கும். வாசகர் என்றால் அப்படித்தான், தெரியும். தயவுசெய்து அதை மாற்றி நினையுங்கள். பிள்ளை நன்றாக அழுகிறது, நன்றாகப் பால் குடிக்கிறது என்று நினையுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

டெல்பர்ட் மாமா நூலக வாசலில் வண்டியில் காத்திருக்கிறார். உள்ளே வரமாட்டார். நான் பார்த்துவிட்டு வந்து சொன்னால் ஆர்வினாவுக்குப் பாடுவார், பிறகு எனக்கும் பாட வேண்டியிருக்கும். பெட்டி என் முன்னால் மேஜைமேல் இருக்கிறது. இதுவரை எழுதியதெல்லாம் அதைத் திறக்காமல் இருப்பதற்காக எழுதியதுதான். ஒத்துக்கொள்கிறேன்.

மூடி இறுக்கமாக இருக்கிறது. ஒரு கையால் வராது. பேனாவைக் கீழே வைக்கிறேன்.