இரண்டு பச்சைப் பொத்தான்கள்

பன்றிக் காய்ச்சலில் போக இருந்த உயிர் திரும்பி வந்ததும், மத்திகிரி லைன் வீடுகளில் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு. கேட்கக் கேட்க மைக்கேல்ராஜுக்கு எரிந்தது. போன தலைப்பாகை அவனுடைய வலது கை.

ஐசியுவில் மூச்சு இயந்திரம் மாட்டி, நுரையீரலுக்கு நல்லதென்று அவனைக் குப்புறப் போட்டிருந்தார்கள். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்தவர்கள் இறக்கி வைக்க மறந்தே போனார்கள். தோளில் நரம்பு இழுபட்டுக் கெட்டு, கை அசைவும் உணர்ச்சியும் இல்லாமல் போனது. பார்க்கப் போன அவன் மனைவி மேரிராணி, "அவரு கை அப்படியே இருக்குதே சிஸ்டர்?" என்று கேட்கத்தான் செய்தாள். "உசுரு முக்கியமா, கை முக்கியமா?" என்று வாயை அடைத்துவிட்டாள் சிஸ்டர். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார், "நரம்பு மெதுவா வரும். பொழச்சதுக்கு சந்தோஷப்படுங்க." சந்தோஷத்தை உலையில் போட்டுப் பொங்கவா முடியும்?

ஓசூரில் ஒரு கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஓட்டுகிறவன் அவன். பழைய மெஷின். மேசையில் இரண்டு பச்சைப் பொத்தான்கள். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மேலிருக்கும் இரும்பு அச்சு, டை, இறங்கும். கை உள்ளே சிக்கக்கூடாதென்று வைத்த ஏற்பாடு. அவசரக்காரர்கள் ஒரு பொத்தானில் மரச்சில்லைச் செருகிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவார்கள். அப்படிச் செருகிய கரியப்பனைப் போன வருஷம் மாட்டிவிட்டு, சஸ்பெண்ட் வாங்கிக் கொடுத்தவன் இதே மைக்கேல்ராஜ்.

இன்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஓட்டிக் காட்டு. முடியலன்னா கணக்க முடிச்சுக்கலாம்."

இடது கை அமுக்கியது. வலது கை ஈரத்துணியாகக் கிடந்தது. மெஷின் அசையவில்லை.

பக்கத்து மெஷினிலிருந்து கரியப்பன் வந்தான். கேலி பேச வருகிறான் என்று மைக்கேல்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனோ பையிலிருந்து மரச்சில்லை எடுத்து வலது பொத்தானில் செருகினான். "கைய மேல வச்சு மறைச்சுக்கண்ணா. அவரு பாக்கறாரு."

டை இறங்கியது. மறுபடியும் இறங்கியது. தூரத்தில் சூப்பர்வைசர் தலையாட்டினார். அந்தத் தலையையே பார்த்துக்கொண்டு மைக்கேல்ராஜ் அடுத்ததற்கு இடது கையை ஓங்கினான்.

"அண்ணா!" கரியப்பன் பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டான். "உன் கை எங்க கீது பாரு!"

அதிர்வில் நழுவிய வலது கை டைக்கு அடியில் கிடந்தது. அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். பொத்தானைப் பார்த்தார். "யாருய்யா செருகுனது?"

கரியப்பன் தலை குனிந்தான்.

"நான்தான் சார்" என்றான் மைக்கேல்ராஜ்.

"அப்ப கணக்க முடிச்சுக்க" என்றார் அவர். பிறகு மனசு இளகியவர்போல அவன் தோளைத் தட்டினார். "கை தப்பிச்சுதே, அதுக்கு சந்தோஷப்படு."