வெர்னா வீட்டு நிழலில் நாற்பத்தொரு மீன்கள்

கெட்டில் ஓடையின் டிரவுட் மீன்கள் தண்ணீரை விட்டு வெளியேறி, வெர்னா கிட்ரிட்ஜ் வீட்டு ஹெம்லாக் மரத்து நிழலில் குடியேறியது 2006 ஜூலை பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. மொத்தம் நாற்பத்தொன்று. ஊர்த் தபால் நிலையத்தில் இருபத்தாறு வருடம் கடிதங்களை வகைபிரித்தவர் என்பதால் வெர்னா இரண்டு முறை எண்ணினார். காலையில் நிழல் மேற்கே விறகுக் கொட்டகைமேல் கிடக்கும்போது மீன்களும் அங்கே, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் நீந்தின. பிற்பகல் நான்கு மணிக்கு நிழல் கிழக்கே திரும்பிச் சமையலறை ஜன்னலைத் தொடும்போது, நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி வைத்த விலாக்களோடு வரிசையாக ஜன்னலைக் கடந்தன. மேகம் மூடிய நாள்களில் ஊரெல்லாம் நிழல் என்பதால் தபால் நிலையம் வரை போய் வந்தன. இரவில் எங்கே இருந்தன என்று யாரும் பார்க்கவில்லை. பெர்லி ஹாலோ ஊரில் எல்லோரும் ஒன்பது மணிக்குத் தூங்குகிறவர்கள். வனவிலங்குக் காவலர் ஒருவர் வந்து பார்த்து, இது தண்ணீர் அல்ல என்பதால் மீன்பிடி உரிமம் செல்லாது, மீன் மிருகம் அல்ல என்பதால் வேட்டை உரிமமும் செல்லாது என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார்.

மீன்கள் வெளியேறியதற்குக் காரணம் ஓடையின் சுத்தம். முன்னொரு வெள்ளத்தில் மரக்கட்டைகள் வந்து பாலத்தை அடைத்ததிலிருந்து, ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை ஊரே கூடி ஓடையில் கிடக்கும் மரம், கிளை, வேர் எல்லாவற்றையும் இழுத்துக் கரையில் போடுவது வழக்கம். பிறகு எல்லோருக்கும் அவித்த பீன்ஸும் ஆப்பிள் பை பலகாரமும் உண்டு. ஊர்ச் சாலைப் பொறுப்பாளர் ஆல்டன் த்விங் இந்த வேலையை முப்பத்தோரு வருடம் நடத்தினார். டிராக்டரும் சங்கிலியும் அவருடையவை. கரையில் நின்ற மரங்களும் நாளைக்கு விழுந்து தொலைக்கும் என்று முன்கூட்டியே வெட்டப்பட்டன. ‘மாவட்டத்தின் மிகச் சுத்தமான ஓடை’ என்ற பித்தளைப் பலகை ஊர் மன்றச் சுவரில் இருக்கிறது. ஓடை பெருக்கித் துடைத்த நடைக்கூடம்போல ஆயிற்று. தடுக்கி நிற்க ஒரு கட்டை இல்லாத தண்ணீர் ஓடியபடியே இருந்தது. மடு இல்லை, குளிர் இல்லை, முட்டையிடக் கூழாங்கல் தங்கவில்லை.

அந்த அக்டோபரில் மீன்கள் வெர்னாவின் வண்டி நிறுத்தும் சரளைக்கல் பாதையில் வாலால் குழி பறித்து முட்டையிட்டன. வெர்னா காரைச் சாலையோரத்தில் நிறுத்திவிட்டு, செடிக்கு ஊற்றும் பூவாளியால் நவம்பர் முழுக்கக் குழிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். டிசம்பரில் எல்லாம் உறைந்தது. ஒன்றும் பொரிக்கவில்லை. அடுத்த கோடையில் முப்பத்து நான்கு. அதற்கடுத்து இருபத்தாறு. 2009இல் பத்தொன்பது.

அந்த வருடம்தான் மீன்வளத் துறையிலிருந்து டெனிஸ் பெல்கி முதுகில் மீனை மின்சாரத்தால் மயக்கிப் பிடிக்கும் மின்கலப் பையும் கையில் வலையுமாக வந்தாள். ஓடை முழுக்க நடந்து, மீன் பூஜ்யம் என்று எழுதினாள்.

“மீன் இங்கதானே இருக்கு. எண்ணிக்கோம்மா,” என்றார் வெர்னா.

“தெரியுதுங்க, ரொம்ப அழகா இருக்கு. ஆனா படிவத்துல ‘நீரில்’னு போட்டிருக்கே.”

இருந்தாலும் அவள் நல்ல பெண். ஓடைக்குள் மரங்களைக் கிடத்தினால் தண்ணீர் நின்று மடு பறிக்கும், கூழாங்கல் சேரும் என்று விளக்கினாள். மேலே காட்டில் சின்ன மரங்கள் நிறைய உண்டு. அவற்றை முதல் வெள்ளம் அடித்துப் போகாமல் வளைவில் தாங்கிப் பிடிக்க ஒரு பெரிய மரம் வேண்டும். பெரிய மரம் என்று கரையில் மிஞ்சியது வெர்னாவின் ஹெம்லாக் ஒன்றுதான். நான்கு மணி ஆகியிருந்ததால் வெர்னா ஜன்னலுக்குப் போய்விட்டார்.

அடுத்த வருடம் மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டத்தில் விஷயம் வாக்குக்கு வந்தது. ஆல்டன் எழுந்தார். “முப்பத்தோரு வருஷம் இடுப்பொடிய இழுத்துப் போட்டதை இப்ப நானே தூக்கி உள்ள போடணுமா? ஊரு சிரிக்காதா?”

“ஊரு எப்பவோ சிரிக்க ஆரம்பிச்சாச்சு, ஆல்டன். டிராக்டர் சத்தத்துல உனக்குத்தான் கேக்கலை,” என்றார் வெர்னா.

சிரிப்பு அடங்கியதும் ஆல்டன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “வெர்னா, மரம் போனா அந்த மீனும் போயிடும். உங்க வீட்டுல வேற யாரு இருக்கா?”

“வச்சிருந்தாலும்தான் போவுது. பத்தொன்பதுதான் மிச்சம். எனக்கு எண்ணத் தெரியும்பா.”

ஆதரவு ஐம்பத்தெட்டு, எதிர்ப்பு ஒன்பது. ஆல்டன் கை தூக்கவே இல்லை. ஆனால் செப்டம்பரில் வேறு ஆளைத் தொடவிடாமல் மரத்தை அவரே அறுத்தார். நினைத்த இடத்தில் மரத்தைச் சாய்க்க அந்த ஊரில் அவரை விட்டால் ஆள் கிடையாது. வளைவில் குறுக்காக, ஒரு சாண் பிசகாமல் விழுந்தது. மரம் சாயச் சாய நிழலும் முற்றத்திலிருந்து உருவிக்கொண்டு சரிவில் இறங்கியது. மீன்கள் அதற்குள்ளேயே இருந்தபடி தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தன. நிழல் அதன்பின் சூரியனோடு நகரவில்லை. குளிர்காலத்தில் மரத்தின் ஊசியிலைகள் எல்லாம் உதிர்ந்தன. நிழலில் ஒன்றும் உதிரவில்லை.

இப்போதும் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை ஊர் கூடுகிறது. அதே டிராக்டர், அதே சங்கிலி, அதே பீன்ஸ். கட்டைகள்தான் கரையிலிருந்து ஓடைக்குள் போகின்றன. ஒரு சுள்ளியை யாராவது வெளியே எடுத்தால் ஆல்டன் முன்பு போலவே கத்துகிறார். பித்தளைப் பலகையைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

வெர்னாவின் சமையலறையில் பிற்பகல் வெயில் நேராக விழுகிறது. மரம் விழுந்த மறுநாள் நான்கு மணிக்குப் பழக்கத்தில் ஜன்னலருகே போய் நின்றவர், பின்னால் தரையில் விழுந்த தன் நிழலுக்குள் வால் நுனி கிழிந்த கிழட்டு டிரவுட் ஒன்று நின்றுகொண்டிருப்பதைக் கண்டார். “உனக்கு வழி தெரியலையா, இல்ல போக மனசில்லையா?” என்று கேட்டுவிட்டு அடுப்பில் கெட்டிலை வைத்தார். அன்றிலிருந்து தபால் பெட்டிக்கு அவர் போனால் அதுவும் போகிறது. டெனிஸ் போன கோடையில் எழுதிய கணக்கு: ஓடையில் நூற்றுப் பன்னிரண்டு, வெர்னாவிடம் ஒன்று. படிவத்தில் அதற்கு இப்போது தனிக் கட்டம் இருக்கிறது. ஊர்க்கூட்டத்தன்று ஆல்டன் முன்னதாகவே மன்றத்துக்கு வந்து, நிழல் நன்றாக விழும்படி, வெர்னாவின் நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டுவைக்கிறார்.