கண்டிக்கு ஒரு மாச விசா

கண்டியிலேருந்து எங்க வீட்டுக்காரவுக போடுற கடுதாசியைப் படிக்கிறது நான். பக்கத்துல ஒக்காந்து கேக்கிறது என் மாமியா. அப்புறம் எங்கிட்டு அவுக பொண்டாட்டிக்குன்னு ஒரு வார்த்தை எழுதுறது? கல்யாணமாகி நாலு மாசத்துல கடை வேலைக்குன்னு கப்பல் ஏறுன மனுசன். அஞ்சு வருசமாச்சு. ஊருக்கு வந்துட்டா திரும்ப இலங்கைக்குள்ள விட மாட்டாங்களாம்.

அம்பத்தேழு ஐப்பசியில எனக்கு ஒரு மாசம் தங்கிட்டு வர விசா கெடச்சுச்சு. ஒரு ஆளுக்குத்தான். அதுலேருந்து வாரம் ஒரு கடுதாசி, அம்புட்டும் தகவல். ‘தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும். நம் ரூபாய் இங்கே செல்லாது, இறங்கியதும் மாற்றவும். தோட்டத்துப் பக்கம் அட்டை கடிக்கும், பிய்க்காமல் உப்பு வைக்கவும். கடையில் விலை கேட்க, கீயத என்றால் போதும்.’

அட என் சாமி! அட்டைக்கு இம்புட்டு எழுதுறவுக, அமிர்தம், ஒன்னையப் பாக்கணும் போல இருக்குன்னு ஒரு வரி எழுதுனா மை தீந்துருமா? ஆனாலும் மாவு இடிக்கையில கீயத, கீயதன்னு சொல்லிப் பாத்துக்கிட்டேன். ‘சாயங்காலம் நாம் குளக்கரையில் நடக்கும்போது குளிரும், போர்வை கொண்டு வா’ன்னு ஒரு எடத்துல எழுதியிருந்தாக. அந்த ‘நாம்’ங்கிறதை மட்டும் அடுப்படியில வச்சுத் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

அம்மை குத்தி எட்டு நாள் ஆகாம கப்பல்ல ஏத்த மாட்டாங்கன்னும் எழுதியிருந்தாக. திருவரங்குளத்துலேருந்து பஸ் ஏறி, புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில குத்திக்கிட்டு சீட்டும் வாங்கியாந்தேன். ஏழாம் நாள், குத்துன எடத்துல பெருசா முத்துப் போட்டு ஒடம்பு கொதிச்சுச்சு. அத்தை பாத்தாக. நேராப் போயி வேப்பங்கொழையை ஒடிச்சாந்து நெலையில சொருகிட்டாக.

“ஆத்தா வந்திருக்கா. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் ஊரு எல்லையைத் தாண்டக் கூடாது.”

“அத்தை, இது குத்துனதால வந்தது. காய்ச்சல் வரும், பயப்படாதேன்னு ஒங்க மகனே எழுதியிருக்காகளே.”

“குத்துனவன் எவனா இருந்தா என்ன? வந்தவ அவதானே.”

மூணு தண்ணி ஊத்தப் பத்து நாளாவது ஆகும். நாளன்னைக்கு தனுஷ்கோடியில கப்பல் ஏறலேன்னா விசா தேதி போயிரும். மறுபடி எழுதிப் போட்டு எந்தக் காலத்துல கெடைக்கிறது? எனக்கு அழுகை வரல, ஆங்காரந்தான் வந்துச்சு. மறுநாள் காலையில தகரப் பெட்டியைத் தூக்கியாந்து வாசல்ல வச்சேன்.

“ஆத்தா என் ஒடம்புலதானே இருக்கா? அவளையும் கூட்டிக்கிட்டே போறேன். அவ கோவிச்சா என்னைய மட்டும் கோவிக்கட்டும். அஞ்சு வருசமா அந்த மொகத்தைப் பாக்கலை அத்தை. இனிமே என்னால முடியாது.”

அத்தை நெலையைப் புடிச்சுக்கிட்டு நின்னாக. வையப் போறாகன்னு நானும் பதிலைத் தயாரா வச்சிருந்தேன். அவுக வையல.

“கூட்டிட்டுப் போடி,” ன்னாக. “அவளுக்கு எதுக்கு விசா? அவனைப் பெத்தவளுக்குத்தானே அது வேணுங்குது.”

அத்தை என் பெட்டியைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு, பஸ்ஸுக்கு எனக்கு முன்னால நடந்தாக.