அழு பார்க்கலாம்

ஏதென்ஸ்காரர்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது. அது அவர்களுக்கே தெரியும்; அதனால்தான் வசதியானவர்கள் ஸ்பார்ட்டாப் பக்கத்துச் செவிலிகளை விலை கொடுத்து வாங்குகிறார்கள். என்னை லுசிதேயோஸ் தன் மகளுக்காக வாங்கிவந்தார். முதல் நாள் பார்க்கிறேன், பிறந்து பத்து நாளான பெண் குழந்தையைக் கழுத்திலிருந்து கால்வரை துணியால் இறுக்கிச் சுற்றி வைத்திருக்கிறார்கள். இது பிள்ளையா பொட்டலமா என்று கேட்டு, அத்தனையையும் அவிழ்த்துப் போட்டேன். அவள்தான் நிக்கிப்பே.

எங்கள் பக்கம் பெண்கள் ஆற்றங்கரையில் ஓட்டப்பந்தயம் ஓடுவார்கள், மல்லுக்கட்டுவார்கள், ஆண்களை முகத்துக்கு நேரே கேலி செய்வார்கள். இங்கே நல்ல வீட்டுப் பெண் தெருவை எட்டிப் பார்த்தாலே குற்றம். மாடியறை, தறி, கம்பளி, அவ்வளவுதான் உலகம். பதினான்கு வருஷம் அதற்குள் கிடந்தேன். என் பேச்சைக் கேட்டு மற்ற வேலைக்காரிகள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். எங்கள் ஊர்ச் சாப்பாட்டை வைத்து எனக்குக் 'கறுப்புக் கஞ்சி' என்று பட்டப்பெயர் வேறு. எனக்கென்று இருந்த ஒரே ஜீவன் அந்தக் குழந்தைதான்.

அழக்கூடாதென்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். விழுந்து முட்டி பெயர்ந்தால் தூக்க மாட்டேன். குனிந்து, "அழு பார்க்கலாம்" என்பேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து என்னையே பார்ப்பாள். கடைசியில் சிரித்துவிடுவாள். ஜெயித்தால் என் இடுப்பு முடிச்சிலிருந்து ஓர் உலர்ந்த அத்திப்பழம். ஒரு தடவைகூட அவள் தோற்றதில்லை. எனக்குப் பெருமை பிடிபடாது.

எலியூசிஸ் என்ற வெளியூரில் மாப்பிள்ளை அமைந்தது. பெண்ணோடு செவிலியும் போவது வழக்கம். நானும் மூட்டை கட்டிவிட்டேன். நிக்கிப்பே அதைத் தன் கையாலேயே முடிந்து கொடுத்தாள். கல்யாண வண்டி வாசலில் நிற்கிறது, அப்போதுதான் மாப்பிள்ளை முகத்தைச் சுளித்தான். தன் வீட்டில் ஏற்கெனவே ஆட்கள் அதிகமாம், இதில் ஸ்பார்ட்டாக்காரி எதற்காம். பெண் இன்னும் மாடியிலிருந்து இறங்கவில்லை.

லுசிதேயோஸ் கெட்டவர் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இவள விட்டுப் பிரியமாட்டேன்னு பொண்ணு அழுதா, கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ள. இல்லேன்னா இங்கயே கெடக்கட்டும்."

நிக்கிப்பே வந்தாள். தாய் அழுதாள், அத்தைமார் அழுதார்கள். அவள் மட்டும் அழவில்லை. என்ன கல்நெஞ்சோ என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். கடைசியாக என்னிடம் வந்து நின்றாள். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தான். என் வீம்பு மண்ணாய்ப் போகட்டும் என்று அவள் காதருகே குனிந்தேன்.

"அழுடி கண்ணு," என்றேன். "அழு."

உதட்டைக் கடித்தாள். கண்ணை அகல விரித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"இன்னிக்கும் நீதான் ஆயா தோத்த," என்று உள்ளங்கையை நீட்டினாள்.

கை தன்பாட்டில் முடிச்சை அவிழ்த்துப் பழத்தை வைத்தது. உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மாப்பிள்ளை அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டான்.

வண்டி நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தாள், கூட்டத்தோடு நான் நடந்து வருகிறேனா என்று. நான் மூட்டையோடு வாசலிலேயே நின்றேன். தெருமுனை தாண்டிய பிறகாவது அழுதாளா, தெரியாது. அழுதிருக்க மாட்டாள். அப்படி வளர்த்துவிட்டேன், பாவி.