சிவப்பில் எங்கள் வீட்டு எண்

எங்கள் வீட்டில் கைபேசி இல்லாத ஆள் கிடையாது. ஆனாலும் எந்தப் படிவத்தில் தொலைபேசி எண் கேட்டாலும், கூடத்தில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய தொலைபேசியின் எண்ணைத்தான் எழுத வேண்டும். இது நான் போட்ட சட்டம். வெளியாள் யாராக இருந்தாலும் முதலில் என்னிடம் பேசட்டும். யார், என்ன விஷயம் என்று கேட்ட பிறகுதான் பிள்ளைகளிடம் கொடுப்பேன். "இந்த வயசுல இவருக்கு இது ஒரு உத்தியோகம்" என்று என் மனைவி கேலி செய்வாள். செய்துவிட்டுப் போகட்டும். கண்டவனும் நேரே உள்ளே வந்து பேச இது சத்திரம் இல்லை.

இதை எதிர்த்தவன் என் இளைய மகன் ஒருவன்தான். "எனக்கு வர்ற போனை நீங்க ஏன்ப்பா எடுக்கணும்?" என்று சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டான். "இந்த வீட்டுல இருக்கிறவரைக்கும் அப்படித்தான்" என்றேன். அந்த மாதமே பெண்டாட்டியோடு எதிர்க் கட்டடத்துக்குத் தனிக்குடித்தனம் போனான். என் அறை ஜன்னலில் நின்றால் அவன் வீட்டுத் துணிக்கொடி தெரியும். நான் அந்த ஜன்னலில் நிற்பதில்லை.

எங்கள் கட்டடங்களுக்கு ஒரு குடியிருப்போர் சங்கம் உண்டு. அதன் செயலாளர் கார் நிறுத்தும் கோட்டைக்கூட ஸ்கேல் வைத்து அளப்பவர். ஆகையால் அவருக்குப் பெயரே ஸ்கேல். பழுதான லிஃப்டில் ஒரு கர்ப்பிணி மாட்டிக்கொண்டு தவித்த அன்றே, சங்கத் தேர்தலில் அவரை எதிர்த்து நிற்பது என்று என் மூத்த மருமகள் முடிவு செய்தாள். அவள் மருத்துவமனையில் செவிலி. எங்கள் குடும்பத்தில் வயது வந்த எல்லோருமே சங்க உறுப்பினர்கள். ஓட்டு எங்கே போகும் என்று ஸ்கேலுக்குத் தெரியாதா?

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை காலை. கீழ்த்தளக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பியிருந்தன.

"உங்களுக்கு ஊசி போடத் தெரியும். சங்கம் நடத்தத் தெரியுமாம்மா?" என்று ஸ்கேல் ஆரம்பித்தார்.

"ரெண்டுக்கும் கை நடுங்காம இருந்தாப் போதும் சார்" என்றாள் மருமகள். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கணினியை ப்ரொஜெக்டரில் இணைத்து உறுப்பினர் பட்டியலைச் சுவரில் காட்டினார்.

"போன் நம்பர் இருக்கிற கட்டங்களை எல்லாம் செலக்ட் பண்றேன். இது கண்டிஷனல் ஃபார்மேட்டிங். ஒரே நம்பர் ரெண்டு இடத்துல வந்தா அதுவே செவப்பாக்கிக் காட்டும். கம்ப்யூட்டருக்கு வேண்டியவன், வேண்டாதவன்லாம் கிடையாது. நீங்களே பாருங்க."

ஒரு தட்டுத் தட்டினார். சுவரில் ஒரு கொத்துக் கட்டங்கள் குப்பென்று சிவந்தன. சிவந்ததெல்லாம் எங்கள் வீட்டு எண்.

"ஒரே ஆள், ஒரே போன், இத்தனை பேர். இதுக்கு என் ஊர்ல போலின்னு பேரு. இந்தப் பேரையெல்லாம் நீக்கிட்டுத்தான் தேர்தல். வேட்பாளர் பேரும் இதுல இருக்கு. அதுவும் போகும்."

என் தலைமுறையில் எங்கள் வீட்டைப் பார்த்து யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. காது சுட்டது. மருமகள் குனிந்து கிசுகிசுத்தாள். "மாமா, ஆளுக்கு ஒரு செல் நம்பர் குடுத்துடலாம். இங்கயே மாத்திடுவாங்க. செவப்பு போயிடும்."

"மாத்தினா இதுவரைக்கும் எழுதினது பொய்யின்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரிம்மா. ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாது."

எழுந்தேன். "செயலாளரே, மெஷின் நம்பரைத்தான் பார்க்கும். நீங்க ஆளைப் பாருங்க. ஒவ்வொரு பேராப் படிங்க. எங்க வீட்டு ஆளுங்க எழுந்து நிப்பாங்க."

வேறு வழியில்லாமல் படித்தார். மூத்தவன் எழுந்தான். மருமகள் எழுந்தாள். என் தம்பியும் தம்பி மனைவியும் எழுந்தார்கள். என் மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, "நான் போலின்னா இந்த முழங்கால் வலி யாருதுங்க?" என்று கேட்டாள். கூடம் அதிர்ந்தது. ஸ்கேலின் முகம் சுருங்கியது.

ஆனால் அவர் பட்டியலை இன்னும் கீழே நகர்த்தினார். எங்கள் வரிசைகளை விட்டு வெகு தள்ளி, எதிர்க் கட்டடத்துப் பெயர்களுக்கு நடுவே, தன்னந்தனியாக இன்னொரு கட்டம் சிவந்திருந்தது. அதிலும் எங்கள் எண். பெயரைப் பார்த்தேன். இளையவன்.

ஸ்கேலுக்குச் சிரிப்பு திரும்பி வந்தது. எங்கள் வீட்டுச் சண்டை அங்கே யாருக்கும் தெரியாததில்லை.

"பெரியவரே, இது உங்க வீட்டுல இல்லாத ஆளு. நீங்களே பேசுறதில்ல. சரி, நானும் விட்டுக்குடுக்கிறேன். இந்த ஒண்ணு மட்டும் எங்களுது இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதை மட்டும் நீக்கிட்டு மத்தவங்களை விட்டுடறேன். மருமகளும் நிக்கட்டும்."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். எதிர்க் கட்டடத்துக் கதவு எண்ணைப் போட்டிருக்கிறான் என்றால், வீட்டைவிட்டுப் போன பிறகு எழுதிய படிவம் அது. எந்த எண்ணுக்காகச் சண்டை போட்டுப் போனானோ, அதையே எழுதியிருக்கிறான்.

"சின்னவனே, எழுந்திரு" என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

"அப்பவே எழுந்துட்டேன்ப்பா" என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. "நம்ம வீட்டு ஆளுங்க எழுந்து நிப்பாங்கன்னு சொன்னீங்கல்ல."

ஸ்கேல் விடவில்லை. "தனியா இருக்கீங்க, தனி போன் இருக்கு. இந்த நம்பரை எதுக்குப் போட்டீங்க?"

"அவசரம்னா யாருக்குச் சொல்லணும்னு உங்க ஃபார்ம்ல போட்டிருந்தது சார். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா வேற யாருக்குச் சொல்லுவீங்க? உங்களுக்கா?"

நான் குரலை உயர்த்தவில்லை. "கேட்டுக்கோங்க. அது என் மகன். அவன் எந்தக் கட்டடத்துல சமைச்சுச் சாப்பிடுறான்கிறது எங்க வீட்டு விஷயம். நீக்கிறதுன்னா எங்க எல்லாரையும் நீக்குங்க. அவனை மட்டும் நீக்க நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன்."

மருமகள் அந்தச் சூட்டிலேயே கேட்டாள். "ஒரு ஆளுக்கு ஒரு நம்பர்னு எந்த விதியில இருக்கு சார்? அதையும் சுவத்துல காட்டுங்களேன். நாங்களும் படிக்கிறோம்."

அவர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். இருந்தால்தானே கிடைக்கும். "காட்டுங்க சார்" என்று பக்கத்து வரிசையிலிருந்தும் குரல்கள் வந்தன. கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, சிவப்பை எடுக்கக் கணினியிடம் போனார்.

"எடுக்க வேண்டாம். ஓட்டு முடியறவரைக்கும் அப்படியே இருக்கட்டும். எங்க ஆளுங்க யார் யாருன்னு எல்லாரும் பார்த்துக்கட்டும்" என்றேன்.

அப்படியே இருந்தது. தேர்தல் நடந்தது. மருமகள் தோற்றாள். "லிஃப்டை அவரே சரி பண்ணட்டும், நான் தினமும் போய்க் கேப்பேன்" என்றாள். எங்கள் பெயர் ஒன்றையும் யாரும் தொடவில்லை.

வெளியே படியில் இளையவன் நின்றிருந்தான். அவன் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் நேரே நடந்தேன். என்னோடு சேர்ந்து நடந்தான்.

"என்னால உங்களுக்குச் சங்கடம். நம்பரை மாத்திடட்டுமாப்பா?"

"மாத்தித்தான் பாரேன்" என்றேன்.