ஐந்து போர்டுக்கு ஒரே கோப்பு

வடமதுரைப் பக்கத்து மில்லிலிருந்து போன் வந்தபோது அறிவுச்செல்வி தன்னுடைய பிரிவு உபசார பிரியாணியில் இரண்டாவது வாய்தான் வைத்திருந்தாள். ஆபீஸ் மேஜைகளை ஓரம் கட்டி, வட்டமாக நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி மிக்கேல்ராஜ் நாலு வார்த்தை பேசுவதற்காக எழுந்து நின்று அப்போதுதான் தொண்டையைச் செருமியிருந்தார். அவர் சட்டைப் பையில் அவளை வேலையிலிருந்து விடுவிக்கும் லெட்டர் நாலாக மடித்து இருந்தது. பேசி முடித்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு. போனை எடுத்தவர், "எட்டு மெஷினுமா?" என்றார். பிறகு வேறு யாரையும் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

அன்றைக்குச் சனிக்கிழமை. திங்கள் காலையில் அவள் ஓசூரில் புது வேலையில் சேர வேண்டும். கணவன் பிரபு ஜூனிலேயே மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட்டான். பள்ளிக்கூடம் யாருக்காகவும் காத்திருக்காது. மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்றவள் தீபாவளியைத் தாண்டி, பொங்கலையும் தாண்டிவிட்டாள். மகளைப் பொறுத்தவரை அம்மா இப்போது வெள்ளிக்கிழமை பஸ்ஸேறி வந்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸேறிப் போகிற ஒரு விருந்தாளி. புது கம்பெனிக்காரர்கள் ஒருமுறை தேதியைத் தள்ளிக் கொடுத்தார்கள். மறுபடி தள்ள மாட்டோம், பழைய கம்பெனி லெட்டர் இல்லாமல் உள்ளேயும் விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

மிக்கேல்ராஜ் கொடுமைக்காரர் என்று எழுதிவிட்டால் நம் வேலை சுலபமாக முடிந்துவிடும். பாவம், அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பிள்ளை பெற்று நாலு வருடம் வீட்டில் இருந்தவளை வேறு எவரும் சீந்தாதபோது வேலைக்குச் சேர்த்தவர். போகிறேன் என்று அவள் சொன்ன ஒவ்வொரு முறையும் "கட்டாயம் போகலாம்மா" என்றுதான் சொல்வார். கூடவே, "அந்தப் பழைய போர்டை மட்டும் ஒன்னைய விட்டா யாரும்மா எழுப்புவா?" என்றும் சொல்வார். இப்படிப்பட்ட நல்லவர்களிடமிருந்து தப்பிப்பதுதான் கஷ்டம்.

சுற்றுவட்டார நூல் மில்களின் மெஷின்களுக்குக் கட்டுப்பாட்டு போர்டு செய்து கொடுப்பது அவர்கள் தொழில். அந்தந்தக் காலத்தில் கிடைத்த பிராசசரை வைத்துச் செய்ததில் ஐந்து வகை போர்டுகள் சேர்ந்துவிட்டன. கரண்ட் வந்ததும் போர்டில் முதலில் கண் விழித்து மற்றவற்றை எழுப்புகிற நிரலுக்கு பூட்லோடர் என்று பெயர். வீட்டில் முதல் ஆளாக எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறவர் மாதிரி. அவர் எழுந்திருக்கவில்லை என்றால் அன்றைக்கு யாருக்கும் காப்பி கிடையாது.

அந்த பூட்லோடருக்குள் முகவரி மாற்றுகிற நிரல் ஒன்று உண்டு. திண்டுக்கல் தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய நம்பர் ஒன்று, புது நம்பர் ஒன்று இருக்கிறதல்லவா, போர்டிலும் அதே கூத்துதான். பிராசசர் நினைவகத்தின் ஓர் இடத்தை ஒரு எண் சொல்லிக் கூப்பிடும். அந்த இடத்தின் நிஜ எண் வேறாக இருக்கும். புது வகை போர்டுகளில் இரண்டு எண்ணும் ஒன்றுதான். பழைய போர்டில் வேறு வேறு. ஒன்றை மற்றதாக மாற்றிச் சொல்லும் நிரல், ஐந்து போர்டுக்கும் ஐந்து பிரதியாக, ஐந்து பேர் ஐந்து காலத்தில் எழுதியதாகக் கிடந்தது. பழைய போர்டின் பிரதி அவளுக்கு மட்டும்தான் புரிந்தது. அதனால்தான் அவளை விட மறுத்தார்கள்.

ஐந்தையும் ஒன்றாக்கிவிட்டால் ஒன்று தெரிந்தவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும், தன் தேவையும் தீர்ந்துவிடும் என்று அவள் கணக்குப் போட்டாள். மாதக்கணக்காக உட்கார்ந்து, எல்லா போர்டுக்கும் பொதுவாக ஒரே கோப்பை எழுதினாள். அவள் செய்த வேலைகளிலேயே அழகானது அதுதான். அதைப் பார்த்து யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. யாரும் சொல்லவில்லை. ஆனால் ஜூனியர் காமராஜ் அவளைக் கேட்காமலேயே பழைய போர்டை எழுப்பிக் காட்டினான். அன்றைக்குத்தான் மிக்கேல்ராஜ் லெட்டரை டைப் அடிக்கச் சொன்னார்.

பிரியாணியை அப்படியே மூடி வைத்துவிட்டுத் தோள்பையும் லேப்டாப்புமாக அவளும் காமராஜும் மில்லுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பழைய போர்டு வைத்த நூல் சுற்றும் மெஷின்கள் எட்டும் பிணம் மாதிரி நின்றன. ஷிப்டு முடிந்த பெண்கள் போகாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். லேப்டாப்பை முதல் மெஷினோடு இணைத்துக் கரண்டைப் போட்டுப் பார்த்தாள். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

"காமராசு, பொதுக் கோப்புல கை வச்சியா?"

"ஒரே ஒரு எடந்தான்க்கா. புது போர்டு கொஞ்சம் வெரசா எந்திரிக்கட்டும்னு. ரெண்டு நம்பரும் ஒண்ணுதானேன்னு அந்த மாத்துற வரியத் தூக்கிட்டேன். நேத்து மில்லுக்கும் அதத்தான் அனுப்பிச்சேன்."

"பழைய போர்டுல ஓட்டிப் பாத்தியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அது பீரோக்குள்ள இருக்குக்கா. இன்னைக்கு ஒங்களுக்குப் பார்ட்டின்னு நேத்தே டேபிளை ஒதுக்கிட்டோம்ல."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தன்னை வழியனுப்பத்தான் அந்த போர்டைத் தூக்கி உள்ளே வைத்திருக்கிறார்கள். காமராஜ் கை வைப்பதற்கு முன்பிருந்த நிரலை ஒவ்வொரு மெஷினிலும் திரும்ப ஏற்றினாள். எட்டாவதும் ஓடத் தொடங்கியபோது சூப்பர்வைசர் பெருமாள்சாமி, "இந்தப் பொண்ணு இருக்கங்காட்டியும் நமக்கென்ன கவலை" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

அடுத்த நிமிடம் மிக்கேல்ராஜின் போன். "ஓடுதாம்மா? ஆண்டவருக்குத் தோத்திரம். இனிமே அந்தப் பொதுக் கோப்புல ஒன்னையக் கேக்காம ஒருத்தனும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். லெட்டர் விஷயம் திங்கக்கிழமை பேசிக்குவோம், என்ன?"

முன்பு காமராஜ் தப்புச் செய்தால் அவனுடைய போர்டு மட்டும் படுக்கும். இப்போது எவன் எங்கே இடறினாலும் ஐந்தும் படுக்கும். ஒரு போர்டுக்குக் காவல் இருந்தவள், தானே மெனக்கெட்டு ஐந்துக்கும் காவல் ஆகியிருக்கிறாள். புலிவாலைப் பிடித்த கதை என்பார்கள். இவள் புலியை வளர்த்து, வாலையும் வளர்த்து, பிறகு பிடித்திருக்கிறாள்.

காலி அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து அந்தக் கோப்பைத் திறந்தாள். அதை ஐந்தாகப் பிரதியெடுத்து ஒவ்வொரு போர்டின் பிரிவிலும் ஒன்றாகப் போட்டுப் பொதுவை அழித்துவிட்டால் போதும். அவரவர் தப்பு அவரவர் வீட்டோடு. அவளை யாரும் தேட வேண்டியதில்லை.

எட்டிப் பார்த்த காமராஜ் பதறிப்போனான். "அக்கா, என்னக்கா பண்றீக? ஒங்க வேலைய நீங்களே..."

"நீ சும்மா இரு."

அவன் சும்மா இருக்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் முதலாளிக்குப் போன் செய்துவிட்டான். நாலாவது பிரதியைப் போட்டுக்கொண்டிருந்தபோது மிக்கேல்ராஜ் மறுபடி கூப்பிட்டார். "பிரிக்காதம்மா. நான் அதை ராத்திரி ராத்திரி உக்காந்து படிச்சுருக்கேன். இருவத்தஞ்சு வருசத் தொழில்ல இம்புட்டு நேர்த்தியா ஒரு வேலைய நான் பாத்ததில்ல. நீயே அதை அழிச்சுப்புடாத."

எத்தனை மாதமாக ஏங்கிய வார்த்தை! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதையா இன்றைக்குச் சொல்ல வேண்டும் என்று கோபமும் வந்தது. போனைக் கட் செய்து பைக்குள் போட்டாள். நாலு பிரதிகள் தயாராக இருந்தன. ஐந்தாவதை அவள் போடவில்லை.

சுவரோரம் இருந்த பெண்களில் ஒருத்தி எழுந்து வந்தாள். "ஓடுதுல்லக்கா? இனிமே நிக்காதுல்ல?"

"ஓடுது. நீங்க ஏன் இன்னும் போகல?"

"ஓடுற மெஷினாத்தான் அடுத்த ஷிப்டுகாரகட்ட ஒப்படைக்கணும். நின்னுக்கிட்டிருந்தா எங்கள விடமாட்டாக. நேரம் ஆனதெல்லாம் பேச்சில்ல." அவள் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தாள். "ஏய் நர்கீஸு, வாங்கடி, வேன் நிக்கிது."

பெண்கள் அவசர அவசரமாகத் தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே வெளியே ஓடினார்கள். அறிவுச்செல்வியும் பின்னாலேயே வாசலுக்கு வந்தாள். அது கம்பெனி லேப்டாப். அதைத் திறந்தபடியே காமராஜ் கையில் கொடுத்தாள்.

"என்னக்கா இது? பிரிக்கவா, அப்படியே விடவா?"

"நாலு போட்டுருக்கேன். அஞ்சாவதைப் போடுறதும் போடாததும் ஒன் பாடு."

"அய்யோ, நான் என்னத்தக் கண்டேன்? லெட்டர் இல்லாம எப்படிக்கா போவீக?"

வேன் உறுமிக்கொண்டிருந்தது. மெஷின் ஓடுகிறதா என்று கேட்ட பெண் படியில் நின்று, "வாங்கக்கா, எடமிருக்கு" என்றாள்.

"பஸ் ஸ்டாண்டு வழியாவா போகுது?"

"ஆமாக்கா, அங்கதான் எறக்கி விடுவாரு."

அறிவுச்செல்வி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காமராஜ் இரண்டு கையிலும் லேப்டாப்பை ஏந்திக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் மில் வாசலில் நின்றான். வேன் கேட்டைத் தாண்டும்போது அவள் பைக்குள் போன் அடித்தது. அடித்து நின்று, திரும்ப அடித்தது. அவள் எடுக்கவில்லை. வேனில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவள் மடியில் இருந்த அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.